பதில்: கோல்ஃபுக்குப் புது புட்டர் வாங்கலாமா?

மூணாறு நண்பருக்கு: கோல்ஃப்ல ஒரு ரவுண்டுக்கு 105 அடிக்கிறீங்க, அதுல புட் (குழிக்குள்ள பந்தை உருட்டி விடுற அடி) 36, டீ ஷாட்ல, அதாவது ஒவ்வொரு குழிக்கும் அடிக்கிற முதல் அடியில, மூணு நாலு பந்து தேயிலைக்குள்ள போயிடுது, புட் போடுற மட்டையான புட்டரை மாத்தினா ஸ்கோர் குறையுமான்னு கேட்டிருக்கீங்க.

புட்டர் காசைப் பத்திரமா வைங்க. அமெரிக்காவோட தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர்ல ஆடுறவங்களே சராசரியா ஒரு ரவுண்டுக்கு 29 புட் போடுறாங்க. நாளைக்கே நீங்க அவங்க மாதிரி புட் போட்டாலும் 98-லதான் நிப்பீங்க. அதே சமயம் தொலைஞ்ச பந்து ஒண்ணுக்கு ஒரு தண்டனை அடி. போதாததுக்கு பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்கணும். நாலு பந்துக்கு எட்டு அடி காலி.

"டிரைவர் கண்ணுக்கு, புட்டர் காசுக்கு"ன்னு கிளப்புல பெருசுங்க சொல்லுவாங்க: டிரைவர்ங்கிற தூர மட்டையால அடிக்கிறது பார்க்க அழகு, ஜெயிச்சுக் கொடுக்கிறது புட்டர்தான்னு அர்த்தம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி டூர் ஆட்டக்காரங்களோட அடிகளை எல்லாம் கணக்குப் போட்டப்போ வேற மாதிரி வந்துச்சு: நல்ல ஆட்டக்காரரைத் தனியா நிறுத்துறதுல புட்டிங்குக்குப் பங்கு சுமார் 15 சதவீதம், டிரைவிங்குக்கு 28. அதையும் தாண்டி நிக்கிறது கிரீனை (குழி இருக்கிற புல்தரையை) நோக்கி அயர்ன் மட்டையால அடிக்கிற ஷாட், கிட்டத்தட்ட 40. (இதை யாரும் பேசுறதே இல்ல.)

நெருக்கடியான ஹோல்ல டிரைவரைப் பையிலயே விட்டுட்டு ஹைபிரிட் (டிரைவரை விடக் கட்டுப்படுத்தச் சுலபமான மட்டை) எடுங்க. நம்ம மலை உயரத்துல பந்து கொஞ்சம் கூடுதலாவே பறக்கும். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்கு இறங்கி ஆடும்போது மட்டும் ஒரு கிளப் கூட்டிக்கோங்க, அதாவது இன்னும் தூரம் போற அடுத்த மட்டையை எடுங்க.

புட்டிங்ல 30 அடி தூரத்துலருந்து பந்தைக் குழிக்கு மூணு அடி தூரத்துக்குள்ள நிறுத்தப் பழகினா இப்போதைக்குப் போதும்.