மூக்குத்தித் திருகாணியும் ஒரு வரி எழுத்தும்

ஹோட்டல்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலை செய்யும் வாசகியரின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுபவர், சென்னை ஹோட்டல்களில் 26 ஆண்டுகள் அறைப் பணியாளராகவும் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்.

கோவையில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறேன். சென்ற மாதம், விருந்தினர் காலி செய்துபோன அறையில் ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. உடனே மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து அந்த விருந்தினர், இரண்டு மோதிரம் வைத்திருந்ததாகப் போன் செய்தாராம். அன்றிலிருந்து எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். என்ன செய்யட்டும் அக்கா?

முதலில் அழுகையை நிறுத்துங்கள் தங்கையே. நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. மோதிரத்தைக் கொடுத்தபோது பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வாங்கவில்லை என்றால் இன்றைக்கே மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அறை எண், தேதி, மணி, மோதிரம் கிடந்த இடம், யார் கையில் கொடுத்தீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள்.

இன்னொன்றையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள். அட்டை வைத்துத் திறக்கும் கதவு என்றால், எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்பது பெரும்பாலும் பூட்டிலேயே பதிவாகியிருக்கும். அதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் பழுது பார்க்கப் போனவர், மினி பார் என்னும் அறைக் குளிர்பானப் பெட்டியைப் பார்க்கப் போனவர் என்று எத்தனை பேர் அந்த அறைக்குள் நுழைந்தார்கள் என்பது தெரிந்துவிடும். சந்தேகம் என்று வந்தால் அறை துடைத்தவள் மேல் மட்டும் விழுவது இந்தத் தொழிலின் பழைய கொடுமை. அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், குளியலறைத் தரையில் ஒரு மூக்குத்தித் திருகாணி கிடந்தது. மிளகில் பாதிகூட இருக்காது. இதற்கெல்லாமா பதிவேடு என்று கூட வந்தவள் கேட்டாள். அறையை விட்டு நகராமல், டிராலியைக் கதவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, அறைப் போனிலிருந்தே ஹவுஸ்கீப்பிங் டெஸ்க்கைக் கூப்பிட்டேன். திருகாணியை ஒரு உறையில் போட்டு, '11.40, குளியலறை, வாஷ்பேசினுக்குக் கீழே' என்று எழுதினோம். மூன்றாம் நாள் அந்த அம்மாள் மூக்குத்தியையே காணோம் என்று வந்து நின்றார். அந்த வரியைப் பார்த்ததும் வாஷ்பேசின் குழாயைக் கழற்றச் சொன்னார்கள். வளைவுக்குள் சேற்றோடு மூக்குத்தி இருந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் என் பெயர் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இனிமேல் விரிப்பை வாரிச் சுருட்டி லினன் பையில் போடாதீர்கள். கட்டிலின் மேலேயே நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக உதறுங்கள். தலையணை உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். நகைகள் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

சென்னையில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறேன். ஒரு வீட்டில் கழிப்பறைக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போட்டால்தான் கறை போகும் என்கிறார்கள். கழுவி முடித்தால் இரண்டு நாள் இருமுகிறது. முகத்தில் துணி கட்டிக்கொண்டால் போதுமா?

போதவே போதாது. இந்த வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது மூச்சுக்குழாயையே அரித்துவிடும். கைக்குட்டையும் முந்தானையும் வாயுவைத் தடுக்காது. கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கும் சின்னக் கழிப்பறையில் ஆபத்து இன்னும் அதிகம். பாட்டிலில் வரும் பல கழிப்பறைத் திரவங்களிலும் ஆசிட்தான் இருக்கிறது. ஆகவே பெயர் வேறாக இருக்கிறதே என்று பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

கறைக்கு ஏதாவது ஒன்றை மட்டும் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விடுங்கள். மற்றதை வேறொரு நாள் பயன்படுத்தலாம். தப்பித்தவறி நெடி கிளம்பிவிட்டால் வாளி, துடைப்பம் எதையும் எடுக்க நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். கண் எரிந்தால் 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவுங்கள். மூச்சு திணறினால் 108. இரண்டு நாள் இருமல் என்பதைச் சாதாரணமாக விடாமல், அரசு மருத்துவமனையில் நெஞ்சைக் காட்டுங்கள். என்ன கலந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டம்மாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அந்த வாயு அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் அறைக்கும்தான் போகிறது.

என் தங்கைக்கு 26 வயது, எட்டாவது வரை படித்தவள். குவைத்தில் வீட்டு வேலை, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். பத்தாவது தேறாதவர்களுக்குப் பெரும்பாலும், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அந்தப் பாஸ்போர்ட்டில் குவைத் போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அதனால்தான் அந்த ஆள் விசிட் விசா என்கிறார். அப்படிப் போனால் உங்கள் தங்கை வேலைக்கு வந்தவள் என்பதற்கு அரசிடம் ஒரு காகிதமும் இருக்காது. சம்பளம் தராவிட்டாலும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலும், எந்த ஒப்பந்தத்தைக் காட்டி நியாயம் கேட்பாள்?

வயது வந்தபின் போக விரும்பினால், 1978இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் பெண்களை இப்படிப்பட்ட அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2016இலேயே விதி வந்துவிட்டது. ஏஜென்டிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கையோடு வாங்கி வாருங்கள்.