போனைப் பிடுங்க வேண்டாம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் கணவருக்கு வயது 31. போன சித்திரையில் நண்பர்களோடு பி.ஏ.பி. வாய்க்காலில் குளிக்கப் போனவர், ஆழம் பார்க்காமல் தலைகீழாகக் குதித்துவிட்டார். கழுத்தில் எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. கோவையில் ஆபரேஷன், அப்புறம் வேலூரில் மூன்று மாதம் பயிற்சி. சி6 (கழுத்துத் தண்டுவடத்தில் ஆறாவது மட்டம்), முழுமையற்ற காயம், அதாவது தண்டுவடத்தின் தொடர்பு முழுதாக அறுபடவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முழங்கையை மடக்குவார், மணிக்கட்டைத் தூக்குவார். விரல்கள் அசையாது. காலைத் தொட்டால் லேசாகத் தெரிகிறது என்கிறார்.

இப்போது எந்நேரமும் போன்தான். விடிந்ததும் செய்தி விவாதம், பிறகு கிரிக்கெட், நடுராத்திரிவரை "முதுகுத்தண்டு காயத்துக்குத் தீர்வு வந்துவிட்டது" என்கிற வீடியோக்கள். ஒன்றைப் பார்த்தால் இரண்டு நாள் உற்சாகமாக இருப்பார். மூன்றாம் நாள், "சுவர்ப் பக்கம் திருப்பிவிடு" என்பார். பயிற்சி வேண்டாம் என்கிறார். போனைப் பிடுங்கி வை என்கிறார் அத்தை. இதற்கிடையில் ஒரு தனியார் மையத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று எட்டு லட்சம் கேட்கிறார்கள். மாமா தோப்பில் அரை ஏக்கரை விற்கத் தயாராகிவிட்டார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

ம., பொள்ளாச்சி

*

அன்புள்ள ம.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோப்பை விற்க வேண்டாம். முன்பணம் கட்ட வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் நெறிமுறைகள் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கின்றன. ரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்குச் செய்யும் மாற்று சிகிச்சையை விட்டால், மற்றதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் கொடுக்க வேண்டும். ஆய்வில் சேருகிறவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. எட்டு லட்சம் என்று அவர்கள் வாய் திறந்தபோதே அது ஆய்வு இல்லை என்பது தெரிந்துவிட்டது. மாமாவுக்குக் கோபம் வரலாம். மகனுக்காக நிலத்தை விற்க முன்வரும் தகப்பனிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. வேண்டுமானால் நான் எழுதியதாக இதைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, இனி போன் விஷயம்.

பிடுங்கிவிடாதீர்கள். ஒரு நாளில் உங்கள் கணவர் யாரையும் கூப்பிடாமல் தானே செய்கிற காரியங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்க ஆள் வேண்டும், புரண்டு படுக்க ஆள் வேண்டும், சிறுநீர் கழிக்க ட்யூப் போட ஆள் வேண்டும். எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்று அவரே முடிவு செய்வது அந்தத் திரையில் மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் பயிற்சி செய்துவிடுவார் என்று அத்தை நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாம் நாள் வரும் சுவர் முதல் நாளே வந்துவிடும்.

எனக்கும் தண்டுவடத்தில்தான் அடி. ஆனால் நெஞ்சு மட்டத்தில் என்பதால் கைகள் தப்பின. நான் படுத்திருந்த வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், பனைமரத்திலிருந்து விழுந்தவர். காலையில் தினத்தந்தி வந்ததும் யாராவது ஒருவர் அவருக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும், விளம்பரம் உட்பட. எண்ணெய் விலை, கொப்பரை விலை, கட்சிச் சண்டை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் எதிர்க்கட்சி. இருவரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள் விட்டத்தைப் பார்த்தபடியே போடும் சண்டை அது. அந்த வார்டில் பயிற்சிக்கு முதலில் கிளம்புகிறவர்களும் அவர்கள் இருவர்தான். உலகத்தில் நடப்பதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறவனுக்குத்தான் எழுந்து உட்காரக் காரணம் இருக்கிறது.

உங்கள் வீட்டில் குறைவது அந்தப் பக்கத்துக் கட்டில். அவர் தனியாகப் பார்க்கிறார். டிவி விவாதத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவதை ஒருவர் படுத்துக்கொண்டு கேட்டால் மிஞ்சுவது எரிச்சல்தான். மாமாவைத் தினமும் கால் மணி நேரம் பேப்பரோடு அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வாசிக்கட்டும், அவர் மறுத்துப் பேசட்டும். அவருக்கே சம்பந்தமுள்ள செய்திகளும் வருகின்றன. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உங்கள் ஊரில் அதை யாராவது விசாரித்தார்களா என்று அவர் கேட்கலாமே? போன் அதற்குத்தானே இருக்கிறது.

கிரிக்கெட்டை நான் சந்தோஷமாக ஆதரிக்கிறேன், அதுவும் டெஸ்ட் போட்டியை. ஒரு செஷன் இரண்டு மணி நேரம். படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய இடைவெளியும் அதுதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பிட்டத்தின் மேல் அழுத்தம் குறைய வேண்டும். டெஸ்டில் அது சுமார் ஐந்து ஓவர். ஐந்தாவது ஓவர் முடிந்ததும் முன்னால் குனிந்து மேசைமேல் சாய்ந்து இரண்டு நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருப்பதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. ஓவரை அவர் மறக்க மாட்டார். படுக்கைப்புண் ஒன்று வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும். அந்த அவஸ்தை அவருக்கு வர வேண்டாம்.

இதில் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கடைசி ஓவர் முடியட்டும் என்று ட்யூப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழியும் நிலை வந்தால் ரத்த அழுத்தம் திடீரென எகிறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமும் கழுத்தும் சிவந்து வியர்ப்பது, மயிர்க்கூச்சு. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், உடுப்பைத் தளர்த்துங்கள், ட்யூப் மடங்கியிருக்கிறதா பாருங்கள், சிறுநீரை வெளியேற்றுங்கள். மலச்சிக்கலாலும் இது வரும். தணியாவிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதன் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா. ஒரு தாளில் எழுதி நாற்காலிப் பையில் வைத்திருங்கள், பணியில் இருக்கும் டாக்டரிடம் காட்டலாம். பாரா விளையாட்டில் சிலர் கூடுதல் வேகத்துக்காக இந்த நிலையை வேண்டுமென்றே உடம்பில் வரவழைத்துக்கொண்டதால், சர்வதேச பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

பாரா விளையாட்டு என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் கணவர் தரம்பீரைப் பார்த்திருக்கிறாரா? ஹரியானாக்காரர். அவரும் ஊர்க் கால்வாயில் ஆழம் தெரியாமல் குதித்துத்தான் அடிபட்டார். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் எஃப்51 பிரிவு கிளப் எறிதலில் தங்கம் வாங்கினார். பாட்டில் மாதிரி இருக்கும் ஒரு மரக்கட்டையை எறியும் போட்டி அது. விரல்கள் பிடிக்காத கையில் பசையைத் தடவி அதை ஒட்டிக்கொள்வார்கள். முதல் நான்கு எறிகளும் ஃபவுல். ஐந்தாவதில் 34.92 மீட்டர். வெள்ளி வாங்கிய பிரணவ் சூர்மாவும் நம் நாட்டுக்காரர், பதினாறு வயதில் தலையில் சிமெண்ட் ஷீட் விழுந்து தண்டுவடம் அடிபட்டவர். அந்த வீடியோவைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், கையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அவருடைய கைதான்.

விளையாட்டும் தண்டுவட சிகிச்சையும் வெவ்வேறு என்று நாம் நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இப்படி அடிபட்டவர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னவரும் அவர்தான், கையில் வில்லைக் கொடுத்தவரும் அவர்தான். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியில் 16 பேர் கலந்துகொண்டார்கள். பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்தது. உங்கள் கணவர் பயிற்சி பெற்ற வேலூரின் கதையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே மறுவாழ்வுப் பிரிவை நடத்தி வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர்.

கை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கணவர் மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? தாமாக உள்ளே மடங்கும், கட்டைவிரல் சுட்டுவிரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரிந்துகொள்ளும். அந்தச் சின்னப் பிடிப்பில் ஒரு பேனா நிற்கும், பிஸ்கட் நிற்கும், போனும் நிற்கும். ஆகவே பாசத்தில் யாராவது அவர் விரல்களையும் மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பின்னால் வளைத்து நீட்டி நீட்டி விட்டால் தடுத்துவிடுங்கள். தசைநாண் நீண்டு தளர்ந்துபோனால் அந்தப் பிடி போய்விடும். போனை அவரே எடுத்து, அவரே வைக்கட்டும். ஒவ்வொரு தடவையும் அது பயிற்சிதான்.

கடைசியாக, அந்த நடுராத்திரி வீடியோக்கள். அவற்றில் வருவதெல்லாம் பொய் இல்லை. அதனால்தான் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் நேச்சர் இதழில் வந்த ஆய்வு நிஜம். கெர்ட்-யான் ஓஸ்காம் என்ற நெதர்லாந்துக்காரர், உங்கள் கணவரைப் போலவே கழுத்தில் முழுமையற்ற காயம். சுவிட்சர்லாந்தின் லொசானில் கூர்டீன், ப்ளோக் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் அவர் மூளைக்கு மேலும் தண்டுவடத்தின் மேலும் கருவிகளைப் பொருத்தினார்கள். நினைத்தபோது கால் நகர்ந்தது. ஊன்றுகோலோடு நடந்தார். ஆனால் அது ஒரே ஒரு மனிதர். ஜப்பானில் கெயோ பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் சொன்ன ஸ்டெம் செல் முடிவும் நிஜம். நான்கு பேரில் இருவருக்கு முன்னேற்றம், ஒருவர் நின்றார். அவர்களுக்குச் செல் வைத்தது அடிபட்ட சில வாரங்களுக்குள். உங்கள் கணவருக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது. இந்த இடத்தில்தான் வீடியோ போடுகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை.

அவருக்கு நெருக்கமான செய்தி வேறொன்று. 2024 மே மாதம் நேச்சர் மெடிசினில் வந்தது. கழுத்தில் அடிபட்டுக் கை பாதித்த 60 பேர், எல்லோருக்கும் முழுமையற்ற காயம். ஆபரேஷன் கிடையாது, கழுத்துத் தோலின் மேல் மின்முனைகளை ஒட்டித் தூண்டுகிறார்கள். 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் செயலும் இரண்டுமே கூடியிருக்கின்றன. அடிபட்டுப் பல வருடம் ஆனவர்களும் அதில் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியும் கிடைத்தது. இதில் யாரும் எழுந்து ஓடவில்லை. ஆனால் விரல் இல்லாமல் வாழ்கிறவருக்கு ஒரு விரலின் விலை தெரியும்.

அந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் வெறும் பயிற்சி. அடுத்த இரண்டு மாதம் மின்தூண்டலும் பயிற்சியும். ஓஸ்காமும் மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர். படுக்கைப்புண் இருப்பவர்களையும் மூட்டு இறுகிப்போனவர்களையும் பல ஆய்வுகளில் சேர்த்துக்கொள்வதே இல்லை. அவர் ராத்திரியில் ஆசையோடு பார்க்கிற கதவு எதுவானாலும், அதற்குப் போகும் வழி அவர் காலையில் வேண்டாம் என்கிற பயிற்சியின் வழியாகத்தான் போகிறது. இதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார். வீடியோவைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, எத்தனை பேர், என்ன வகைக் காயம், அடிபட்டு எத்தனை நாள், தினமும் எவ்வளவு பயிற்சி என்று அவரையே தேடச் சொல்லுங்கள். வேலூர் டிஸ்சார்ஜ் சம்மரியில் காயம் எவ்வளவு கடுமையானது என்பதைக் குறிக்க ஏ, பி, சி, டி என்று ஏதோ ஒரு எழுத்து போட்டிருப்பார்கள். தன் எழுத்து எது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் பாதி வீடியோக்களை அவரே தள்ளிவிடுவார்.

அந்த மையத்துக்கு வருகிறேன். இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும், 2009 முதல் இது கட்டாயம். ஆய்வின் பதிவெண் என்ன, நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே, ஆய்வு என்றால் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். கேள்விகளை உங்கள் கணவரே அனுப்பட்டும். போனில் பேசினால் தமிழில் எழுத்தாகும் வசதி இருக்கிறது. அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று எனக்கும் அவரையே எழுதச் சொல்லுங்கள். தரம்பீரின் ஐந்தாவது எறியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதையும் கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்