சந்தேகப்பட்ட தோட்டாவை என்ன செய்வது?

கேள்வி: டெக்ஸஸில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பச்சை அட்டை இருக்கிறது. வார இறுதிகளில் சுடுதளத்துக்குப் போவேன். கையில் இருப்பது .38 ஸ்பெஷல் ரிவால்வர். சுட்ட பித்தளைக் கூடுகளை எல்லாம் சேர்த்து வைத்து, தோட்டா நிரப்பும் ஒற்றை நிலை பிரஸ் (ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் அழுத்து கருவி) ஒன்றும் வாங்கி, முதல் முறையாக நானே தோட்டா நிரப்ப உட்கார்ந்தேன். பாதியில் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தேன். கூட்டின் வாயில் ஈயக் குண்டு பொருத்தி முடித்த பிறகு, எல்லாவற்றிலும் வெடிமருந்து போட்டேனா, ஏதாவது ஒன்றில் இரண்டு தடவை போட்டுவிட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. தராசில் எடை போட்டுப் பார்த்துப் பிரித்துவிடலாமா?
— வாசகர், சான் அன்டோனியோ

பதில்: கூடாது. அந்தத் தோட்டாக்களில் ஒன்றைக்கூடச் சுடாதீர்கள். முதலில் அவற்றை ஒரு டப்பாவில் போட்டு, மேலே ‘சுடக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டில் வேறு யாராவது சுடும் பழக்கம் உள்ளவர் இருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

எடை ஏன் உதவாது என்றால், இந்த வேலையில் அளவு கிரெயின் கணக்கில். ஒரு கிராமில் பதினைந்து கிரெயினுக்குச் சற்று அதிகம். .38 ஸ்பெஷலுக்கு வழக்கமாகப் பொருத்தும் ஈயக் குண்டு 158 கிரெயின். அதன் பின்னால் இருக்கும் மருந்தோ சில கிரெயின் மட்டும். நீங்கள் சேர்த்த கூடுகள் பல நிறுவனங்களுடையவையாக இருக்கும். கூட்டுக்குக் கூடு எடை வித்தியாசமே சில கிரெயின் வரும். குண்டுகளும் அச்சு அசலாக ஒரே எடையில் இருப்பதில்லை. இத்தனைக்கும் நடுவே மருந்து இருக்கிறதா இல்லையா என்று தராசு எப்படிச் சொல்லும்? கூட்டில் ஒன்றுமே இல்லாத தோட்டா, மருந்துள்ள தோட்டாவைவிடக் கனமாகக் காட்டக்கூடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: எல்லாவற்றையும் பிரியுங்கள். அதற்கென்றே சுத்தியல் வடிவில் ஒரு கருவி விற்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்தி, கெட்டியான மரக்கட்டை மீது ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்தோடு உள்ளே விழுந்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு தட்டுங்கள். குண்டும் கூடும் மறுபடி பயன்படும். கூட்டின் அடியில் உள்ள பிரைமரை, அதாவது அடி விழுந்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, தொட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். மருந்தை மட்டும் திரும்ப டப்பாவில் கொட்டாதீர்கள். ஒரு மாலை நேரம் போகும். போகட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கையில் இருப்பது .38 ஸ்பெஷல். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1890களின் கடைசியில் இதைக் கொண்டுவந்தபோது கரும்மருந்துக் (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) காலம் முழுதாக முடிந்திருக்கவில்லை. கரும்மருந்து இடத்தை அடைக்கும், அதனால் கூட்டை நீளமாகச் செய்தார்கள். இன்றைய புகையற்ற மருந்து அந்தக் கூட்டின் அடியில் கொஞ்சம்தான் படிந்து கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, குண்டு தாராளமாக உட்காரும். வெளியே இருந்து பார்த்தால் நல்ல தோட்டாவுக்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது. சுட்டால் ரிவால்வரின் உருளை பிளந்து அதன் மேலே உள்ள மேல்பட்டை பெயரக்கூடும். கை அங்கேதான் இருக்கிறது, முகம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

மருந்தே இல்லாத தோட்டாவும் சாதுவானது அல்ல. பிரைமர் மட்டும் வெடித்தாலே குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கே சிக்கவைக்கப் போதும். வழக்கமான முழக்கம் வராது, ‘டப்’ என்று அமுங்கிய சத்தம் வரும், கையில் உதைப்பு இருக்காது. அந்த நொடியில் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியை இலக்கின் பக்கமே சற்று நேரம் பிடித்திருந்து, பிறகு தோட்டாக்களை அகற்றி, குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். ‘சரியாக வெடிக்கவில்லை போலிருக்கிறது’ என்று அடுத்ததைச் சுடுகிறவர்களுக்குத்தான் குழல் வெடிக்கிறது.

இனி அடுத்த முறைக்கு. நான் கோவையில் டூல்ரூமில் வேலை கற்றவன். அங்கே பழகிய ஒழுங்கைத்தான் இந்த மேசையிலும் வைத்திருக்கிறேன். ஐம்பது குழி உள்ள மரத்தட்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் பொருத்திய கூடுகள் எல்லாம் முதல் தட்டில் தலைகீழாக, வாய் கீழே பார்த்தபடி நிற்கட்டும். ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, மருந்து போட்டு, இரண்டாம் தட்டில் வாய் மேலே பார்த்தபடி வையுங்கள். தலைகீழாக நிற்கும் கூட்டில் மருந்து இருக்க வழியே இல்லை. நிமிர்ந்து நிற்பதில் ஒரு தடவை போட்டாயிற்று. நடுவில் யார் கூப்பிட்டாலும் எங்கே விட்டீர்கள் என்பதைத் தட்டே சொல்லிவிடும். கையில் பாதி நிரம்பிய கூடு இருக்கும்போது அழைப்பு வந்தால், அதைக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள்.

தட்டு நிறைந்ததும் ஒரு குண்டைக்கூடத் தொடாதீர்கள். மேசை விளக்கைத் தட்டுக்கு நேர் மேலே இழுத்து, வரிசை வரிசையாக ஒவ்வொரு கூட்டின் உள்ளேயும் பாருங்கள். பித்தளைச் சுவர் பளபளக்கும், அதன் அடியில் சாம்பல் நிறத் துகள்கள் ஒரே மட்டத்தில் தெரியும். ஒன்று மட்டும் மேலே ஏறி நின்றாலோ, ஒன்றின் அடியில் வெறும் பித்தளை மின்னினாலோ கண் தானாகவே அங்கே போய் நிற்கும். இந்தப் பார்வைக்கு ஈடான கருவியை நான் இதுவரை கண்டதில்லை. அது முடிந்த பிறகுதான் குண்டு.

மருந்தின் அளவை என்னிடம் கேட்காதீர்கள், சுடுதளத்து நண்பரிடமும் கேட்காதீர்கள். மருந்து தயாரிப்பவர்களும் லைமன், ஹார்னடி போன்ற நிறுவனங்களும் கையேடு போடுகிறார்கள். உங்கள் மருந்து, உங்கள் குண்டு, உங்கள் கூடு மூன்றும் சேர்ந்திருக்கும் வரியைக் கண்டுபிடித்து, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். உச்ச அளவைப் புதியவர் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இரண்டு டப்பா திறந்து கிடந்தால் ஒன்றில் எடுத்தது மற்றதில் போகும். சாம்பல் நிறத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கேள்வி: சுட்ட கூட்டிலிருந்து பழைய பிரைமரைத் தட்டி வெளியேற்றும்போது சில கூடுகளில் பிரஸ்ஸின் ஊசி இறங்க மறுக்கிறது. அழுத்தினால் ஊசி உடைந்துவிடுகிறது. ஏன்?
— வாசகர், அரிசோனா

பதில்: கூட்டின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை இருந்தால் அது பாக்ஸர் வகை, உங்கள் ஊசி அதற்குத்தான். ஓரமாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டன் வகை. அதில் ஊசி இறங்க இடமே இல்லை. பாக்ஸர் ஓர் ஆங்கிலேய அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கச் சந்தையில் வேரூன்றியது ஆங்கிலேயருடைய முறை, பெர்டன் முறை பரவியது ஐரோப்பாவில். சுடுதளத் தரையில் பொறுக்கிய கூடுகளில் இரண்டும் கலந்திருக்கும். பெர்டனை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று. கூடுகளைச் சுத்தம் செய்யும் சுழல் டப்பாவை அடுக்களையிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ வைக்காதீர்கள். சுட்ட பிரைமர் விட்டுச்செல்லும் கரியில் ஈயம் இருக்கிறது, அது தூசியாகப் பறக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வாயில் எதையும் வைக்க வேண்டாம். குழந்தை இருக்கும் வீடு என்றால் இதில் நான் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பரைப் பார்த்து எனக்கும் ஆசை வந்திருக்கிறது. தொடங்கலாமா?
— வாசகர், டாலஸ்

பதில்: நீங்கள் இருப்பது குடியேறாதோர் விசா. அமெரிக்க மத்தியச் சட்டப்படி அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்லட்டும். இதில் தவறினால் பறிபோவது விசா மட்டுமாக இருக்காது. அதுவரை நண்பரின் மேசையில் கைவைக்காமல், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே எழுதுவது அமெரிக்காவில் சட்டப்படி இதைச் செய்பவர்களுக்கு மட்டும்.

கேள்வி: .38இல் பழகிவிட்டு 9 மி.மீ.க்கு வந்தேன். நிரப்பிய தோட்டா சில சமயம் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் முழுதாகப் போகவில்லை.
— வாசகர், ஒஹையோ

பதில்: .38இல் செய்ததுபோலக் கூட்டின் வாயைக் குண்டின் மேல் உருட்டி மடிக்கிறீர்களா? 9 மி.மீ. தோட்டா அறைக்குள் நிற்பதே அந்த வாயின் விளிம்பில்தான். அதை மடித்துவிட்டால் தோட்டாவுக்குப் பிடிமானம் போய்விடும். மருந்து போடுமுன் வாயை விரித்தோமே, அந்த விரிவை நேராக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். ஒருவேளை நேராக்காமலே விட்டிருந்தால் நீங்கள் சொல்லும் தடங்கல் வரும். குண்டு அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வரும்.

ஆனால் உள்ளே போகவில்லையே என்று குண்டைக் கூடுதலாக அழுத்திவிடாதீர்கள். 9 மி.மீ. கூடு சிறியது. குண்டு கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மருந்துக்கு இடம் குறைந்து அழுத்தம் எகிறும். கையேட்டில் மொத்த நீளம் போட்டிருக்கும், வெர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். பிறகு துப்பாக்கியைக் கழற்றி, குழலை மட்டும் கையில் எடுத்து, அறைவாய் மேலே இருக்கும்படி பிடித்துத் தோட்டாவைப் போடுங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தன் எடையிலேயே வெளியே விழ வேண்டும். முதல் தோட்டாவில் இது சரியாக வந்த பிறகு மற்றவற்றுக்கு மருந்து போடுங்கள்.