பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கு வேறு ஸ்டாக்: வாசகர் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து உரிமதாரர்கள் அனுப்பிய கேள்விகளில் 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம். கடைகளில் சொல்வதுபோலவே, தோளில் வைக்கும் பின்கட்டையை ஸ்டாக் என்றும், அடுத்த தோட்டாவை ஏற்ற இழுத்துத் தள்ளும் முன்பிடியை ஃபோர்எண்ட் என்றும் எழுதுகிறோம்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): ரெமிங்டன் 870 வைத்திருக்கிறேன். தோளுக்கு உயர்த்தும்போது ஸ்டாக் அக்குளில் மாட்டுகிறது. என் உயரம் 5 அடி 4 அங்குலம். எந்த அளவு ஸ்டாக் வாங்க வேண்டும்?

பதில்: விசையின் நடுவிலிருந்து ஸ்டாக்கின் பின்முனையிலுள்ள ரப்பர் பேடின் நடு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். முழு அளவு 870 என்றால் ஏறத்தாழ 14 அங்குலம் வரும். உங்கள் உயரத்துக்கு 13 அல்லது 13¼ அங்குலத்தில் தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் உயரம் ஒரு குத்துமதிப்புதான். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்காது. ஸ்டாக்கை முழங்கை மடிப்பில் வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது கடைகளில் பழக்கம். அதில் முன்கையின் நீளம் தெரியும், வேறொன்றும் தெரியாது. சரியான சோதனை வேறு. தோட்டா இல்லை என்று, தோட்டா வெடிக்கும் அறையையும் மற்றத் தோட்டாக்கள் இருக்கும் மேகசின் குழாயையும் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, வழக்கமாகச் சுடும் உடையோடு துப்பாக்கியைத் தோளில் வையுங்கள். பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் கணுவுக்கும் மூக்குக்கும் இடையில் இரண்டு விரல் அகலம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சுடும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். அதிகமானால் பேட் தோள்குழியில் உட்காராமல் மேற்கைக்கு நழுவும், உதை அங்கே விழும், இரண்டு நாள் கை நீலம் பாரித்திருக்கும்.

முதன்முதலாக மாற்றுபவர், இடையில் தகடு சேர்த்து நீளம் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்குவது நல்லது. மேக்புல் நிறுவனத்தின் 870 ஸ்டாக்கை 12½ அங்குலத்திலிருந்து 14½ வரை அரை அரை அங்குலமாக மாற்றலாம். ஹோக் நிறுவனத்தின் ரப்பர் போர்த்திய ஸ்டாக்கில் 12 அங்குலக் குட்டை வகை உண்டு. அது சிறுவர்களுக்கும் குட்டைக் கைக்காரர்களுக்கும் ஏற்றது, உங்களுக்கு அவ்வளவு குறைக்கத் தேவையிருக்காது. இருக்கும் மரக்கட்டையையே அறுக்க நினைத்தால், புதிய பேடின் கனத்தைக் கழித்துக்கொண்டு அறுக்க வேண்டும். இதை மறந்து அறுத்தால் ஒட்டவா முடியும்?

நீளத்தைப் பார்ப்பவர்கள் கன்னம் படியும் மேல்விளிம்பின் உயரத்தைப் பார்ப்பதில்லை. சிறு குண்டுகளைக் கூட்டமாகச் சுடும் இந்த ஷாட்கன் வகையில் பின்பக்கக் குறி உங்கள் கண்தான். புதிய ஸ்டாக் பழையதைவிட 3 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் கண்ணும் அவ்வளவு உயரும். கண்ணுக்கும் குழல்முனையிலுள்ள குறிமணிக்கும் இடையே ஏறத்தாழ 1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 36 மீட்டரில் குண்டுக்கூட்டம் 11 சென்டிமீட்டர் மேலே போகும். எனவே மாற்றியதும் அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில் 16 கெஜத்தில், அதாவது சுமார் 14.6 மீட்டரில், ஒரு பெரிய தாளைக் கட்டி, ஒரே புள்ளிக்குச் சட்டென்று உயர்த்தி நாலைந்து தோட்டா சுட்டுப் பாருங்கள். நின்று நிதானித்துக் குறிபார்த்தால் உடம்பு தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும், குறை தெரியாது. கூட்டத்தின் நடு 1 அங்குலம் விலகினால் ஸ்டாக்கில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும் என்பது ஸ்டாக் பொருத்துபவர்கள் கணக்கு. மேலே போனால் மேல்விளிம்பைத் தாழ்த்த வேண்டும், கீழே போனால் உயர்த்த வேண்டும்.

கேள்வி (அரியாங்குப்பம்): மாஸ்பெர்க் 500-க்கு ஃபோர்எண்ட் வாங்க வேண்டும். படத்தில் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதிகம் பேர் பணத்தைத் தொலைப்பது ஃபோர்எண்டில்தான். பிளாஸ்டிக்கோ மரமோ, அது வெறும் உறை. உள்ளே ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது, அதன் பின்னால் பிடியின் இழுப்பை உள்ளே கடத்தும் ஆக்‌ஷன் கம்பிகள் நீளுகின்றன. உறை அந்தக் குழாயின் மேல் ஏறி, முன்னால் ஒரு வளைய நட்டால் இறுக்கப்படுகிறது. மாஸ்பெர்க் 500-ல் இந்தக் குழாய் இரண்டு நீளங்களில் வந்திருக்கிறது: 6⅝ அங்குலம், 7¾ அங்குலம். குட்டைக் குழாய்க்கான உறையை நீளக் குழாயில் மாட்டினால் நட்டு உறையைத் தொடாது, பிடி முன்னும் பின்னும் ஆடும். நீள உறையைக் குட்டைக் குழாயில் மாட்டினால் நட்டுக்கு மரையே எட்டாது. சில தயாரிப்பாளர்கள் இடைவெளியை நிரப்பத் தனி வளையம் விற்கிறார்கள், அதையும் சேர்த்து விலை பாருங்கள். 870-லும் வயல் மாடலுக்கும் காவல்துறை மாடலுக்கும் குழாய் ஒன்றல்ல, பழைய துப்பாக்கிகளில் பேதம் இன்னும் அதிகம். 870-ன் 20 போர் பாகங்களை 12 போரில் மாட்ட நினைக்காதீர்கள், அதில் ரிசீவரே (துப்பாக்கியின் நடு உடல்) சிறியது.

ஆகவே வாங்குமுன் கழற்றி அளந்துவிடுங்கள். 870-ல் வரிசை இப்படி: தோட்டாக்களை நீக்கி, பிடியைப் பாதி பின்னுக்கு இழுத்து, மேகசின் மூடியைத் திருகி எடுத்துப் பேரலை (குழலை) முன்னால் உருவுங்கள். ரிசீவரின் அடிவாயில் இடப்பக்கத் தோட்டாத் தடுப்பை விரலால் அழுத்திக்கொண்டு ஃபோர்எண்டை முன்னால் இழுத்தால் கம்பிகளோடு வந்துவிடும். அறையை மூடும் போல்ட்டும் அதன் அடியிலுள்ள சறுக்குத் துண்டும் கம்பி நுனியில் வெறுமனே உட்கார்ந்திருக்கும், கூடவே விழும். பாயோ துணியோ விரித்து அதன்மேல் செய்யுங்கள். முன் நட்டுக்கு இரண்டு பல் உள்ள தனி ஸ்பேனர் இருக்கிறது, விலை அதிகமில்லை. மூக்குக் குறடால் திருகினால் பள்ளங்கள் சிதையும், குறடு வழுக்கினால் குழாயில் கீறல் விழும்.

நீளம் பொருந்தினாலும் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ரிசீவர் பக்கத்தில் தோட்டாப் பட்டை மாட்டியிருந்தால், பிடியை முழுக்கப் பின்னால் இழுக்கும்போது பின்விளிம்பு அதில் இடிக்கும். அப்படி இடித்தால் போல்ட் கடைசிவரை பின்னால் போகாது, காலித் தோட்டா வெளியே விழாமல் சிக்கும். துப்பாக்கியில் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள், காரணம் ஒரு சென்டிமீட்டர் பிளாஸ்டிக்காக இருக்கும். இன்னொன்று பிடிமானம். வியர்த்த கையில் வழவழப்பான ஃபோர்எண்ட் முழு இழுப்பு கொடுக்காது. பம்ப் ஆக்‌ஷனில் தோட்டா சிக்குவதில் பெரும்பங்கு அரைகுறை இழுப்புதான். குறுக்கு வரி ஆழமாகவும் முன்முனையில் தடுப்பு மேடாகவும் உள்ளதை எடுங்கள்.

திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் தயாரான பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். 870-க்கும் 500-க்கும் விற்கும் பாகம் அதற்கும் சேரும் என்று எண்ணி வாங்காதீர்கள். பாகத்தையும் துப்பாக்கியையும் டீலர் மேசையில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி (பாகூர்): வெளிநாட்டு இணையக் கடையில் ஸ்டாக் விலை மலிவாக இருக்கிறது. தபாலில் வரவழைக்கலாமா? கடலூரில் தெரிந்த டீலர் இருக்கிறார், அவரிடம் மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம் துப்பாக்கி என்று சொல்லும்போது அதன் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும். வெறும் பிளாஸ்டிக்தானே என்ற வாதம் சுங்கத்தில் எடுபடாது. உரிமம் உள்ள டீலர் வழியாகவே வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பழுதுபார்ப்பும் மாற்றமும் தொழிலாகச் செய்ய அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். பேரலைக் குறைப்பதை 6-ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது. ‘ஸ்டாக்கோடு சேர்த்து அதையும் கொஞ்சம்’ என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

பாகூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடலூர் உங்களுக்கு எட்டும் தூரம், ஆனால் துப்பாக்கியோடு போனால் யூனியன் பிரதேச எல்லையைத் தாண்டி வேறு மாநிலத்துக்குள் நுழைகிறீர்கள். புதுவை நிலம் துண்டுதுண்டாகக் கிடப்பதால் புதுவைக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகத் தமிழ்நாட்டு ஊரைக் கடக்க நேரலாம். உரிமத்தில் செல்லுபடியாகும் பகுதி என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். அதில் தமிழ்நாடு இல்லை என்றால், முதலில் உரிமம் வழங்கிய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): 2011 தானே புயலில் விழுந்த பலா மரத்தின் பலகை வீட்டில் இருக்கிறது. அதில் ஸ்டாக் செதுக்கலாமா?

பதில்: தஞ்சாவூர் வீணைக்கு ஆகும் மரம் ஸ்டாக்குக்கு ஆகாதா என்று தோன்றுவது இயல்பு. வைரம் பாய்ந்த பலா நன்றாகவே தாங்கும், நிழலில் இத்தனை ஆண்டு கிடந்ததால் காய்ந்தும் இருக்கும். வைரம் பாயாத வெளிர்நிற வெளிப்பகுதியை மட்டும் ஒதுக்குங்கள், பூச்சி அரிக்கும். தடை பலகையின் கனம்தான். ஸ்டாக்குக்கு ஏறத்தாழ 18 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 2¼ அங்குலக் கனம் வேண்டும். வீட்டுப் பலகை பெரும்பாலும் 1½ அங்குலம்தான் இருக்கும். இரண்டை ஒட்டினால் ஒட்டுக்கோடு சரியாக, ஸ்டாக்கை ரிசீவரோடு இறுக்கும் நீண்ட போல்ட்டின் துளையின்மேல் வரும். அது சரியில்லை.

கனம் கிடைத்தால் ரேகையைப் பாருங்கள். கைப்பிடிக் கழுத்தில் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெளியேறினால் அங்கேதான் முறியும். நீண்ட போல்ட் துளையை இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைக்கப் பார்க்காதீர்கள், விலகும். லேத்திலோ நீள வழிகாட்டியோடோ ஒரே பக்கத்திலிருந்து துளைப்பது நல்லது. ரிசீவரின் பின்விளிம்பு மரத்தில் சுற்றிலும் சமமாகத் தொட வேண்டும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, பொருத்தி எடுத்து, கறை பட்ட மேட்டை மட்டும் சீவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தொட்டால் ஒவ்வொரு உதையும் அங்கே ஆப்புபோல இறங்கிப் பிளக்கும். மேலே வால்போல நீளும் இரும்பு இருந்தால் அதன் பின்னால் 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பேடின் அடி, போல்ட் துளை, ரிசீவர் சேரும் முகம் ஆகியவற்றுக்கும் வார்னிஷ் பூச வேண்டும். ஈரம் முதலில் நுழைவது அந்த வெட்டுமுகங்களில்தான். கார்த்திகை மழையில் ஊதிய மரம் அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும்போது போல்ட் தளரும். கோடையில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தச்சருக்குப் பழைய கட்டையைக் கழற்றிக் கொடுங்கள். துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வரக் கூடாது.

கேள்வி (காலாப்பட்டு): ஸ்டாக்கே இல்லாத, கைப்பிடி மட்டும் உள்ளது எப்படி?

பதில்: பார்க்க நன்றாக இருக்கும். உதை முழுக்க மணிக்கட்டில், குறி எங்கோ. வேண்டாம். ஸ்டாக்கோடு சேர்ந்த பிஸ்டல் பிடி என்றால் 870-ல் தொந்தரவில்லை, தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி, விசைக்குப் பின்னால் குறுக்கே இருக்கிறது. மாஸ்பெர்க் 500-ல் சேஃப்டி ரிசீவரின் உச்சியில் இருப்பதால், பிடியை விடாமல் கட்டைவிரல் அங்கே எட்டாது. அந்தத் துப்பாக்கிக்கு நேர்க்கட்டையே பொருத்தம்.

கேள்வி (பரங்கிப்பேட்டை): பிளாஸ்டிக் ஸ்டாக் மாற்றினால் உப்புக்காற்றுக் கவலை தீருமா? பழைய பேட் பிசுபிசுவென்று உருகுகிறது, அது ஏன்?

பதில்: ஸ்டாக் ஊதாது, அவ்வளவுதான். ஃபோர்எண்டுக்கு அடியில் மேகசின் குழாயிலும் ஆக்‌ஷன் கம்பிகளிலும் உப்பு படிவது முன்புபோலவே நடக்கும், வெளியே தெரியாததால் துரு கூடுதலாகத்தான் பிடிக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். மரக்கட்டை என்றால் எண்ணெய் போட்டபின் சில நாள் குழல்முனை கீழாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கட்டைக்குள் இறங்கி, ரிசீவர் சேரும் இடத்து மரம் மெத்தென்று ஆகிவிடும். பஞ்சு வைத்த பையில் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

பேட் பாலியூரித்தேன் வகையாக இருந்தால் இப்படி உருகும். காற்றின் ஈரமும் வெப்பமும் அந்தப் பொருளை மூலக்கூறு அளவிலேயே அறுக்கின்றன. கழுவியோ பவுடர் போட்டோ சரிசெய்ய முடியாது. கழற்றிவிட்டு ரப்பர் பேட் போடுங்கள், திருகுத் துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு வாங்குங்கள். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு மருந்து தடவிய கையோடு ஸ்டாக்கைத் தொடாதீர்கள், சில பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் அது கரைக்கும்.