ஆமைக்கு எண் போடுவது எப்படி?

கேள்வி: கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட 40 நட்சத்திர ஆமைகள் எங்கள் பராமரிப்பு மையத்தில் இருக்கின்றன. ஓட்டில் மார்க்கரால் எழுதும் எண் ஒரே மாதத்தில் அழிந்துவிடுகிறது. எடைப் பதிவேடே குழம்பிப் போய்விட்டது. வேறு வழி உண்டா?
— வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: எண்ணை எழுதாதீர்கள், புள்ளி வையுங்கள். நட்சத்திர ஆமையின் முதுகில் நடுவரிசைக்கு இருபுறமும் நான்கு நான்கு பெரிய தகடுகள் உண்டு. ஆமையின் வலப்புறத் தகடுகளுக்குத் தலைப்பக்கத்திலிருந்து 1, 2, 4, 7 என்று மதிப்புக் கொடுங்கள். இடப்புறத்துக்கு 10, 20, 40, 70. இதில் 1 முதல் 99 வரை எல்லா எண்ணும் அடங்கிவிடும். 36 வேண்டுமா? இடப்புறம் முதல் இரண்டு தகடுகள் (10+20), வலப்புறம் இரண்டாவதும் மூன்றாவதும் (2+4). எந்த ஆமைக்கும் நான்கு புள்ளிக்கு மேல் வராது.

நெயில் பாலிஷ் போதும். ஓட்டைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிட்டு, தகட்டின் நடுமேட்டில் மிளகை விடக் கொஞ்சம் பெரிய புள்ளி வையுங்கள். காய்ந்ததும் நிறமற்ற பாலிஷ் ஒரு பூச்சு. தகடுகள் சேரும் பள்ளத்தில் மட்டும் படக்கூடாது. ஓடு வளர்வது அங்கேதான். மஞ்சளும் வெள்ளையும் நட்சத்திரக் கோடுகளில் மறைந்துவிடும். சிவப்பைக் கண்டால் பூவோ பழமோ என்று மற்ற ஆமைகள் கடிக்க வரும். நீலம் நல்லது.

அடிக்கடி நேரும் தவறு ஒன்று: ஆமையின் தலை நம்மைப் பார்த்திருக்கும்போது படித்தால் இடம் வலமாகி, 36 என்பது 63 ஆகிவிடும். வால் நம் பக்கம் இருக்கப் பிடித்தே படிக்க வேண்டும். இதைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஆண் ஆமை ஏறும்போது பின்தகடுகள் உரசித் தேயும். ஆகவே மாதாமாதம் எடை பார்க்கும் நாளில், மங்கிய புள்ளியை முழுதும் அழியும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

எடையைத் தீனிக்கும் குளியலுக்கும் முன்பு பாருங்கள். தண்ணீரில் விட்டால் குடிக்கும், கழிக்கும்; கணக்கு மாறிவிடும். தராசில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, கால் எட்டாதபடி அதன்மேல் வைத்தால் அசையாது. மார்கழிக் குளிரில் எல்லாமே தீனியைக் குறைக்கும். அதில் நோயாளி எது என்று கண்டுபிடிக்க, அந்த ஆமையின் போன மார்கழி எடைதான் கைகொடுக்கும். கூட்டத்தின் சராசரி எடை நன்றாக இருக்கும்போதே ஒரு ஆமை மெலிந்து செத்துப்போகும். இதற்காகத்தான் இத்தனை பாடும்.

எந்தப் பறிமுதலில் வந்தது என்பதையும் எண்ணோடு எழுதுங்கள். வெவ்வேறு ஊர் ஆமைகள் கலந்துவிட்டால், பிறகு எதை எந்தக் காட்டில் விடுவது என்று தெரியாமல் போகும்.

கேள்வி: ஓட்டின் கோலத்தைப் படம் எடுத்து வைத்தால் போதாதா? மைக்ரோசிப் அவசியமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: இரண்டுமே வேண்டும். முதுகை விட அடிவயிற்றுக் கோலத்தைப் படமெடுப்பது நல்லது. நிழலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, நேர் எதிரே இருந்து எடுங்கள். மல்லாக்கப் போடாமல், தலை மேலே இருக்க நிமிர்த்திப் பிடியுங்கள். வளர வளர விளிம்பில் கோடுகள் நீளும் என்பதால், குட்டிகளை 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெரியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும் எடுக்க வேண்டும்.

மைக்ரோசிப் அரிசி மணி அளவுதான். கால்நடை மருத்துவர் இடது பின்னங்கால் பக்கம் ஊசியால் செலுத்துவார். மிகச் சிறிய குட்டிகளுக்கு வேண்டாம். ரீடரில் எண் வரவில்லையென்றால், சிப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரும்பு மேசையிலிருந்து தூக்கி, உடல் முழுக்க மெதுவாக ஒருமுறை காட்டிப் பாருங்கள். சிப் இடம் நகர்ந்திருக்கலாம்.

கேள்வி: வீட்டில் வளரும் நட்சத்திர ஆமையின் ஓட்டில் துளையிட்டு வளையம் மாட்டலாமா?
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: கூடவே கூடாது. ஓடு உயிருள்ள எலும்பு. துளைத்தால் வலிக்கும், சீழ் பிடிக்கும். இந்த ஆமையை வீட்டில் வைத்திருப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆற்றிலோ காட்டிலோ நீங்களாக விட்டுவிடவும் வேண்டாம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.