வாசகர் கேள்வி – பதில்: தீர்த்தன் ஆற்றில் ஒரு நாள்

கேள்வி: வரும் அக்டோபரில் நாங்கள் நால்வர் இமாச்சலத்துத் தீர்த்தன் ஆற்றில் ஒரு நாள் ட்ரவுட் மீன் பிடிக்கச் செல்கிறோம். மூவருக்குச் செயற்கை ஈத் தூண்டில் (முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்தது) பழக்கம் உண்டு. நான்காமவரான என் மைத்துனர், ஊர் ஏரியில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டதோடு சரி. அவருடைய நாளும் எங்களுடைய நாளும் கெடாமல் இருக்க என்ன செய்யலாம்? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மழைக்கலங்கல் தெளிந்திருக்கும் அக்டோபர் நல்ல தெரிவுதான், ஆனால் தள்ளிப்போட்டுவிடாதீர்கள், இனப்பெருக்கக் காலம் என்பதால் நவம்பர் தொடங்கி பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை உண்டு. மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டை நால்வருக்கும் தனித்தனியே வாங்கிக்கொள்ளுங்கள்.

மைத்துனருடைய ஏரிப் பழக்கம் பாதி உதவும், பாதி கெடுக்கும். ஏரியில் ஈயக்குண்டின் கனம் தூண்டில் நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே செயற்கை ஈக்குக் கனமே இல்லாததால், தடித்த நரம்பின் கனம்தான் ஈயைச் சுமந்து செல்ல வேண்டும். ஆகவே பின்னால் வீசிய நரம்பு முழுதும் நீண்ட பிறகே தூண்டில் கோலை முன்னால் கொண்டுவர வேண்டும். புதியவர் எவரும் இங்கேதான் அவசரப்படுவார். சாட்டை சொடுக்கியதுபோல் ‘படக்’கென்று ஓசை கேட்டால், ஈ அறுந்து போயிற்று என்று பொருள். பின்வீச்சின்போது ‘தீர்த்தன்’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு முன்னால் வீசச் சொல்லுங்கள். முதல் நாள் மாலையிலேயே, முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் முடிச்சொன்றைக் கட்டிக்கொண்டு, புல்வெளியில் அரைமணி நேரம் பழகட்டும். இருபத்தைந்து அடி வீசினாலே போதும்.

தீர்த்தன் பாயும் குல்லுப் பகுதிக்கு ஆங்கிலேயர் 1909இல் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட், இரை வரும் திசையாகிய மேல்நீரை நோக்கியே நிற்கும். கீழிருந்து மேலாக, நிழல் விழாமல் நடந்தால்தான் அதன் கண்ணில் படமாட்டீர்கள். நால்வரும் ஒரே மடுவில் நின்றால் மீன் ஒன்றும் மிஞ்சாது. இருவர் இருவராகப் பிரிந்து, மைத்துனருக்குத் துணையாக மூவரும் இரண்டிரண்டு மணி நேரம் முறை வைத்துக்கொள்ளுங்கள். துணை நிற்பவர் தம் கோலை உறையிலிருந்து எடுக்கவே கூடாது. காலையின் முதல் மடுவை, அதுவும் நல்ல மடுவை, மைத்துனருக்கே கொடுங்கள். என் முதல் பயணத்தில் நண்பர்கள் என்னை வண்டிக்கு அருகில் நிறுத்திவிட்டு மேலே போய்விட்டார்கள். மாலை வரை மரக்கிளைகளை மட்டுமே பிடித்தேன்.

தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுக்கும் வழக்கத்தை அவர் விட வேண்டும். மெல்லிய முனை நரம்பு அதைத் தாங்காது; கோலின் நுனியை உயர்த்தினாலே முள் பதிந்துவிடும். முள்ளின் எதிர்க்கூரை (தைத்த முள் கழலாமல் பிடித்துக்கொள்ளும் பின்நோக்கிய சிறு கூரை)க் குறடால் அழுத்தி மழுக்கிவிடுங்கள், காதிலோ கழுத்திலோ தைத்தாலும் எளிதில் கழன்றுவிடும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். வலக்கைக்காரரான அவருக்கு வலப்பக்கத்திலிருந்து காற்று வீசினால் முள் முகத்தை நோக்கித்தான் வரும். அப்போது எதிர்க்கரைக்கு மாறுவது நல்லது. பாசி பிடித்த கற்களில் முழங்காலுக்கு மேல் நீரில் இறங்க விடாதீர்கள்.

மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். மதிய உணவுக்கு மீனை நம்பாமல், தங்குமிடத்தில் ரொட்டியும் ராஜ்மாவும் கட்டித் தரச் சொல்லுங்கள்.