எல்லிஸ் தீவுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால்

உங்கள் கணவரின் கொள்ளுத்தாத்தா ஜுசெப்பே 1910 வாக்கில் நேப்பிள்ஸிலிருந்து நியூயார்க் போனவர், ‘ஜோசஃப்’ என்று ஆங்கில வடிவில் தேடியும், நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவின் பயணிகள் பட்டியலில் இல்லை என்கிறீர்கள். அப்படித் தேடினால் கிடைப்பது அரிது. அதிகாரிகள் அங்கே பெயரை மாற்றினார்கள் என்பது கட்டுக்கதை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே பட்டியல் எழுதியாகிவிடும். இத்தாலியப் பெயரிலேயே தேடுங்கள். மனைவியும் போயிருந்தால் பெரும்பாலும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரில்தான் இருப்பார்.

ஆனால் கப்பலிலிருந்து தொடங்காதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். 1920 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் வந்த ஆண்டு இருக்கும். ஞாபகத்தில் சொன்னது, இரண்டு மூன்று ஆண்டு முன்பின் பாருங்கள். குடியுரிமைக் கட்டத்தில் ‘என்ஏ’ என்றால் குடிமகனாகிவிட்டார். ‘பிஏ’ என்றால் முதல் விண்ணப்பம் மட்டும் போட்டிருக்கிறார். எதுவானாலும் கோப்பு உண்டு. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை மனுக்களில் பிறந்த ஊர், கப்பல் பெயர், வந்த தேதி மூன்றும் கேட்டு எழுதியிருப்பார்கள். உங்களுக்கு வேண்டிய தாள் அதுதான்.

தேதி கிடைத்ததும் பயணிகள் பட்டியலைத் திறங்கள். 1907-க்குப் பிறகு அது இரண்டு பக்கம். பலர் இடப்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் யாரிடம் போகிறார், எந்த முகவரிக்கு என்பது வலப்பக்கத்தில், அதே வரிசை எண்ணில் இருக்கும்.